‘ஒரு வட்டி’ எனும் மயக்கு

தமிழகத்துச் சிற்றூர்களில் வட்டியை ‘ஒரு வட்டி’, ‘இரண்டு வட்டி’ என்றே அளப்பர். நூறு உருபாவுக்குத் திங்களொன்றுக்கு ஓர் உருபா, இரண்டு உருபா என்பது பொருள். பள்ளி வாயிலை மிதியாத கிழவியும் இக்கணக்கில் ஏமாறாள். இரண்டு வட்டியென்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 24 என்று நொடியில் கூறிவிடுவாள்.

அத்தகைய மக்களே இன்று தவணைக் கடனில் ஏமாறுகின்றனர். எங்ஙனம்?

வண்டி வாங்க வருவோரிடம் முகவன் ‘ஒரு வட்டிதான்’ என்கிறான். கடன் 1,00,000 உருபா. மூன்றாண்டு வட்டி 36,000. ஆக 1,36,000 உருபாவை 36 தவணையாக்கினால் திங்களுக்கு 3,778. கணக்குச் சரியாகவே தோன்றும். ஆனால், பழைய ஒரு வட்டியில் முதல் முழுவதும் இறுதிவரை கடன் பெற்றவன் கையிலேயே இருந்தது. தவணைக் கடனிலோ முதல் திங்கள்தோறும் குறைகிறது. பாதியைத் திருப்பிய பின்னும் வட்டி மட்டும் முழு இலக்கத்திற்கே போடப்படுகிறது! எஞ்சிய முதலுக்கு மட்டும் கணக்கிட்டுப் பார்த்தால், இவ்வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 அன்று, 21-க்கும் மேல். நம் சொல்லைக் கொண்டே நம்மை ஏய்க்கின்றனர்.

வாரத் தண்டல் இதனினும் கொடிது. 10,000 உருபா என்று பேசி, 1,500-ஐ முன்னரே பிடித்துக்கொண்டு, 8,500-ஐக் கையிற் கொடுத்து, வாரம் 1,000 வீதம் 10 வாரம் தண்டுவர். நூற்றுக்குப் பதினைந்துதானே என்றெண்ணுவர் பெறுவோர். ஆண்டுக் கணக்கில் அஃது ஏறத்தாழ 160!

கரணியம் கணக்கறியாமை மட்டுமன்று. ‘திங்களுக்கு எவ்வளவு?’ என்று கேட்பவர் ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்பதில்லை. பட்டம் பெற்றோரும் இதற்கு விலக்கல்லர். ஊரார் வாய்க்கு அஞ்சிக் காதணி விழாவிற்குக் கடன்படுவோர், மொய் வந்தால் அடைத்துவிடலாம் என்று தம்மையே தேற்றிக்கொள்வர். ஆங்கிலத் தாள் விளங்கவில்லை என்று வாய்திறக்க நாணி, சுட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிடுவோர் எத்தனை பேர்! தமிழன் தமிழ்நாட்டில் தமிழ்த்தாள் கேட்க நாணுவது என்ன நாணமோ!

கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்தது. இருந்தும் 2017 அக்தோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்துவட்டிக் கொடுமையால் கணவனும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் தீக்கிரையாயினர். சட்டம் ஏட்டில் இருந்தது.

இந்தியச் சேம வங்கியின் ஆணை ஒன்று 2024 அக்தோபர் முதல் நடைமுறையில் உள்ளது. வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தனியாட்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் விளக்கத்தாளைத் தரவேண்டும். அதுவும் கடன் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில். அதனை விளக்கிச் சொல்லி, விளங்கிற்று என்று ஒப்புதலும் பெறவேண்டும். எனவே தமிழ்த்தாள் கேட்பது இரத்தலன்று, உரிமை. தாளும் வெறும் எழுத்தளவில் தமிழாயிருந்தாற் போதாது. கையிற் பெறுவது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, ஆண்டு வட்டி எவ்வளவு என்பன எளிய தமிழில் முதற்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும்.

தனியாள் தண்டற்காரனை இவ்வாணை கட்டுப்படுத்தாது. ஆயினும், வங்கித்தாளைத் தமிழிற் படித்துப் பழகியவர் அவனிடமும் இம்மூன்றையும் கேட்கத் தொடங்குவர்.