ஐயுறுதலும் கல்வியே

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றியவர் நம் முன்னோர். ஆதலின், எழுத்தைக் கற்பிக்கும் யான் ஓர் எண்ணைக் குறித்து எழுதப் புகுவதை அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

அவ்வெண் 4,294,967,297. இரண்டை முப்பத்திரண்டு முறை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் இது பெறப்படும். இவ்வாறே இரண்டை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு முறை எழுதிப் பெருக்கி ஒன்று கூட்ட, முறையே 3, 5, 17, 257, 65,537 என்பன வரும். இவ்வைந்தும் முதன்மை எண்கள். தம்மாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவை. இவ்வரிசையில் அடுத்து நிற்கும் நம் எண்ணும், அதன்பின் வருவனவும் அத்தகையனவே எனப் பிரான்சு நாட்டுக் கணித மேதை பேர்மா 1640 ஆம் ஆண்டிற் கருதினார். அதற்கு நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறையாது எழுதினார்.

1729 இல் கோல்ட்பாக் என்பார் இக்கருத்தை ஒயிலருக்கு நினைவூட்டினார். 1732 இல் ஒயிலர், இவ்வெண் 641 ஆல் மீதியின்றி வகுபடும் என்றும் ஈவு 6,700,417 என்றும் காட்டினார். நூறாண்டு நம்பிக்கை ஒரு வகுத்தலில் வீழ்ந்தது!

வகுத்தெண் எதுவெனக் குருட்டாம்போக்கிற் தேடுவதாயின், சோதித்தற்குரிய முதன்மை எண்கள் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டன. ஆயின், இவ்வெண்ணை வகுக்கும் முதன்மை எண் எதுவாயினும் அது 64 இன் மடங்கினும் ஒன்று மிக்கதாதல் வேண்டும் என ஒயிலர் பின்னர் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாம் வகுத்தலிலேயே உண்மை வெளிப்படுகின்றது.

இவ்வழிக்கு அடிப்படையாய் நின்றது யாதெனின், பேர்மா கண்ட மற்றொரு தேற்றமே. அவர் தந்த கருவியே அவர் கருத்தைத் திருத்திற்று. இதனால் பேர்மாவின் பெருமை குன்றிற்றோ? இல்லை, வளர்ந்தது என்பதே எம் துணிபு. தம் கருத்தையும் சோதித்தற்குரிய கருவியைப் பின்வந்தோர் கையிற் கொடுத்தவரே நல்லாசிரியர். தமிழிலும் இந்நெறி புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை வகுத்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணர் உரையைப் பலவிடத்தும் காரணங் காட்டி மறுத்தார். இருவரையும் நாம் போற்றுகின்றோம்.

எம் வகுப்பறைகளிலோ, எடுத்துக்காட்டு ஐந்து ஒத்துவரின் விதி முடிந்ததெனக் கொள்கின்றோம். ஆசிரியர் உரைத்தது ஏட்டில் ஏறினாற் போதும் என்கின்றோம். ‘ஏன்?’ என வினவும் மாணாக்கன் அடக்கமில்லாதவன் எனப் பெயர் பெறுகின்றான். இது மாறல் வேண்டும். பணிவு வேறு, ஆராயாது தலையசைத்தல் வேறு. காரணங் காட்டி மறுக்கும் மாணாக்கன் ஆசிரியரை இகழ்பவன் அல்லன்; அவர் கொடுத்த கல்வியைப் பயன்கொள்பவன்.

அந்த ஐந்தின் பின், அவ்வரிசையில் முதன்மை எண் ஒன்றேனும் இன்றுவரை காணப்படவில்லை. இனி ஒன்று உண்டோ, இல்லையோ என்பதும் நிறுவப்படவில்லை. விழாக் கொண்டாடும் கல்லூரிகள் கட்டடங்களோடு இத்தகைய வினாக்களையும் இளைஞர்க்கு உரிமையாக்குவனவாக.