டிஸ்டிரிக்ட் கவுன்சில் யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தின் ராஜாங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பார்லிமெண்டைப் பற்றியும், முதல் மந்திரியைப் பற்றியும், அரண்மனையைப் பற்றியுமே பேசுகிறார்கள். ஆனால் அந்நாட்டுக் கிராமத்தான் வாசலில் கிடக்கும் குப்பையை எடுப்பது யார்? அவன் ஊர் வயலில் நூறு வீடு கட்டலாமா கூடாதா என்று உத்தரவு கொடுப்பது யார்? வீடற்றவனுக்கு இடம் தேடித் தரவேண்டியது யார்? இவை பார்லிமெண்டின் வேலையல்ல. டிஸ்டிரிக்ட் கவுன்சிலின் வேலையாகும்.

டிஸ்டிரிக்ட் என்றதும் ஜில்லா போர்டு என்று நினைத்துவிடக் கூடாது. அங்கு நமது ஜில்லாவுக்குச் சமமானது கவுண்டி. பள்ளிக்கூடம், ரோடு, நூல்நிலையம், வயோதிகர் பராமரிப்பு ஆகியவை கவுண்டி கவுன்சிலைச் சேர்ந்தவை. அதற்குக் கீழே, முன்பு நம்மிடம் இருந்த தாலூகா போர்டைப் போல இருப்பதுதான் டிஸ்டிரிக்ட் கவுன்சில். வீட்டு வசதி, கட்டட அனுமதி, குப்பை, சாப்பாட்டுக் கடைகளின் சுத்தம், மதுக்கடை லைசென்ஸ், வோட்டர் ஜாபிதா ஆகியவை இதன் பொறுப்பு. கவுன்சில் வரியை வசூல் செய்வதும் இதுவே. ஆனால் வசூலித்ததில் பெரும் பாகத்தைக் கவுண்டிக்குக் கொடுத்துவிட்டு, சிறு பங்கைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளும்.

இந்த அதிகாரம் ஜனங்களுக்குச் சுலபத்தில் வந்துவிடவில்லை. முன்பெல்லாம் கிராம நிர்வாகம் நிலப்பிரபுக்களிடமும், நியமனம் பெற்ற மாஜிஸ்திரேட்டுகளிடமும், பாதிரியார் தலைமை வகிக்கும் சர்ச் சபையிடமும் இருந்தது. தரும பரிபாலனத் தேர்தலில் சொத்துள்ளவனுக்குப் பல வோட்டு உண்டு. 1894-ம் வருஷத்துச் சட்டம்தான் கிராமக் காரியங்களைச் சர்ச் சபையினிடமிருந்து எடுத்து, ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சில்களிடம் கொடுத்தது. பல வோட்டு ஒழிந்தது. மணமான பெண்களும் வோட்டுப் போடவும் அங்கத்தினராகவும் வழி பிறந்தது. ஊர்ச் சாக்கடையைச் சீர்செய்யப் பாதிரியாரின் ஆசீர்வாதம் தேவையில்லை, வோட்டரின் சம்மதமே தேவை என்று ஏற்பட்டது அன்றுதான்.

நிற்க. கட்சிகளின் நிலைமைக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். சஃபோக் கவுண்டியில் மிட் சஃபோக் என்ற டிஸ்டிரிக்ட், 1974-ல் ஐந்து பழைய ஸ்தாபனங்களை ஒன்றாக்கி ஏற்பட்டது. ஜனத்தொகை சுமார் 1 லட்சம். சிறு பட்டணங்களும் விவசாயக் கிராமங்களும் கொண்ட பிரதேசம். கன்சர்வேடிவ் கட்சியார் நெடுநாள் தலைமை வகித்து வந்த இடம். 2023 மே மாதத் தேர்தலில் மொத்தம் 34 ஸ்தானங்களில் பசுமைக் கட்சியார் 24-ம், கன்சர்வேடிவ்கள் 6-ம், லிபரல் டெமாக்ரட்டுகள் 4-ம் பெற்றார்கள். தொழிற்கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. பசுமைக் கட்சி பிரிட்டனில் ஒரு கவுன்சிலில் தனி மெஜாரிட்டி பெற்றது அதுவே முதல் தடவை. ஸ்தானம் எவனுக்கும் பாட்டன் சொத்தல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்?

ஆனால் இதைக் கண்டு கைதட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. ஒரு வார்டில் மற்றவர்களைவிட ஒரு வோட்டு அதிகம் வாங்கியவன் ஜெயித்துவிடுகிறான். மற்றவர்களுக்கு விழுந்த வோட்டுக்கு அந்த வார்டில் பிரதிநிதி இல்லை. அன்றியும் இத்தேர்தல்களில் பெரும்பாலும் வோட்டர்களில் மூன்றில் ஒருவர்தான் வோட்டுப் போடப் போகிறார். வீட்டிலேயே இருந்துவிட்ட இரண்டு பேரும் எந்தக் கட்சி ஆண்டாலும் குறை சொல்லுவார்கள்!

இப்பொழுது வேறொரு பிரச்சினை கிளம்பியிருக்கிறது. 2024 டிசம்பரில் தொழிற்கட்சி சர்க்கார் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. கவுண்டி, டிஸ்டிரிக்ட் என்ற இரண்டு அடுக்குகளையும் எடுத்துவிட்டு, சுமார் 5 லட்சம் பேருக்கு ஒரே கவுன்சில் ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்த மாற்றத்தை முன்னிட்டு, 2025 மே மாதத்தில் நடக்கவேண்டிய சஃபோக் கவுண்டித் தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டது.

செலவு குறையும், குழப்பம் தீரும் என்கிறார்கள். இது முழுப் பொய்யல்ல. குப்பைக்கு ஓர் ஆபீஸ், ரோட்டுக் குழிக்கு இன்னோர் ஆபீஸ் என்று அலைகிறவனுக்கு எரிச்சல் வருவது இயற்கையே. ஆனால் 1974-ல் ஐந்து ஒன்றாயிற்று. 2017-ல் மிட் சஃபோக்கின் காரியாலயமே டிஸ்டிரிக்ட் எல்லையைத் தாண்டி இப்ஸ்விச் பட்டணத்துக்குப் போயிற்று. இனி அந்த ஒன்றும் பெரியதொன்றில் கரைவதானால், கிராமத்தானுக்கும் அவன் பிரதிநிதிக்கும் இடையேயுள்ள தூரம் என்னவாகும்? மிச்சமாகும் பவுனுக்குக் கணக்குக் காட்டுகிறவர்கள், குறைந்து போகும் பிரதிநிதிகளுக்கும் கணக்குக் காட்ட வேண்டாமா?

ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா என்பதல்ல நமது கவலை. அதிகாரம் செய்கிறவன் யார், அவனுக்கு வோட்டுப் போட்டது யார், தவறினால் அவனை இறக்க வழி உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த கிராமத்தானே சுதந்திர மனிதன். விடையை அவனுக்கு எட்டாத தூரத்தில் வைக்கும் எந்தச் சீர்திருத்தமும், அவனைக் கேட்காமல் நடக்கக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.