தூக்கு விதித்ததால் தப்பியவர்கள்

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஆறு பேர். நாடோடிப் பழங்குடிகள், கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். 2003 ஜூனில் ஐந்து பேர் கொல்லப்பட்ட ஒரு கொள்ளை, பாலியல் வன்முறை வழக்கில் போலீஸ் இவர்களைப் பிடித்தது. 2006இல் செஷன்ஸ் நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. 2007இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மூவருக்குத் தூக்கை உறுதிசெய்தது, மற்ற மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்சநீதிமன்றம், அந்த மூவருக்கும் ஏன் இரக்கம் என்று ஆறு பேரையும் தூக்குக்கு அனுப்பியது. 2019 மார்ச் 5 அன்று அதே உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது.

என்ன நடந்திருந்தது? நேரில் கண்ட சாட்சி, போலீஸ் கோப்பிலிருந்த புகைப்படங்களைப் பார்த்து வேறு நான்கு பேரைத்தான் தொடக்கத்தில் அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவில்லை. அந்தத் தாளை மூடி வைத்துவிட்டு நாடோடிகளைக் கூண்டில் ஏற்றினார்கள். 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தாகிவிட்டதாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இழப்பீடு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய். 16 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் மாதம் சுமார் 2,600 ரூபாய்.

இந்தத் தீர்ப்பைக் காட்டி "பாருங்கள், நீதி தாமதமானாலும் வென்றது" என்று எழுதியவர்களிடம் நாங்கள் கேட்கிறோம்: இவர்களுக்குக் கதவு எப்படித் திறந்தது? 2014 செப்டம்பரில் முகமது ஆரிஃப் வழக்கில் உச்சநீதிமன்றம், தூக்குக் கைதிகளின் சீராய்வு மனுவை மட்டும் திறந்த நீதிமன்றத்தில், வாய்மொழி வாதத்தோடு கேட்க வேண்டும் என்றது. அதற்கும் அரை மணி நேரம் போதுமாம். மற்ற எல்லோருடைய சீராய்வு மனுவும் நீதிபதிகளின் அறைக்குள் தாளோடு தாளாகச் சுற்றிவிட்டு வரும். வக்கீல் வாய் திறக்க முடியாது. அதாவது, உயர்நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனையோடு நின்றிருந்தால் அந்த மூவருக்கும் இந்த விசாரணைக்கு உரிமையே கிடையாது. உயிரை எடுக்கப் போட்ட கயிறுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பிடிமானம். இதை நீதி என்று கொண்டாட எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த படி கியூரேட்டிவ் மனு. அதற்கு மூத்த வழக்கறிஞர் ஒருவரின் சான்றிதழ் வேண்டும். தினக்கூலிக்காரன் எந்த மூத்த வழக்கறிஞரின் வாசலில் நிற்பான்? அதற்கும் பிறகு கருணை மனு. குடியரசுத் தலைவர் சாட்சியங்களையே மீண்டும் ஆராயலாம் என்று கேஹர் சிங் வழக்கு சொல்கிறது. அதே தீர்ப்புதான், மனுதாரர் தன்னை நேரில் கேட்கும்படி உரிமையாகக் கோர முடியாது என்றும் சொல்கிறது. கருணை மறுக்கப்பட்டால் நீதிப் புனராய்வு உண்டு, மிகக் குறுகிய காரணங்களுக்கு மட்டும். அங்கேயும் "இவன் செய்தானா?" என்ற கேள்வியை யாரும் புதிதாகக் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1997 முதல் ஓர் ஆணையம் இருக்கிறது. தண்டனை பெற்றவர் விண்ணப்பிக்கலாம். ஆணையம் அரசு அமைப்புகளிடமிருந்து ஆவணங்களை வாங்கிப் பார்த்து வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும், அந்த மறுப்பை எதிர்த்து உயர்நீதிமன்றம் போகலாம். அதுவும் சொர்க்கம் இல்லை. செய்யாத பாலியல் குற்றத்துக்காக 17 ஆண்டு சிறையிலிருந்த ஒருவரின் விண்ணப்பத்தை அதே ஆணையம் 2012இலும் 2020இலும் தள்ளியது. டி.என்.ஏ. சான்றினால் 2023 ஜூலையில்தான் தண்டனை ரத்தானது. மறுப்பை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழியிருந்தாலும் அங்குள்ள நீதிபதிகள் பெரும்பாலும் தலையிடுவதில்லை. ஆனாலும் 2025இல் ஆணையத் தலைவர் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியிருந்தது. இங்கே 2009 தீர்ப்புக்காக யார் எந்த நாற்காலியை விட்டு இறங்கினார்கள்?

"தீர்ப்புக்கு ஒரு முற்றுப்புள்ளி வேண்டாமா, எல்லோரும் மனு போட்டால் நீதிமன்றம் தாங்குமா?" என்பார்கள். சொத்து வழக்கு மூன்று தலைமுறை நடக்கும்போது தாங்குகிற நீதிமன்றம்தான் இது. மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு இருக்கும் பட்டியல் சாதியினர், தண்டனைக் கைதிகளில் சுமார் ஐந்தில் ஒருவர். முற்றுப்புள்ளி யார் தலையில் வைக்கப்படுகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

2018இல் சட்ட ஆணையம் தனது 277ஆவது அறிக்கையில், தவறாக வழக்குத் தொடரப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்றது. 2023இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் ஒன்றிய அரசு அதைச் சேர்க்கவில்லை. இழப்பீடு பிறகு. முதலில், தண்டனை உறுதியான பிறகும் போலீஸ் கோப்பைத் திறந்து பார்க்கும் அதிகாரமுள்ள ஆணையம் வேண்டும், ஆயுள் கைதிக்கும் சேர்த்து. பட்டியல் சாதி, பழங்குடி, சீர்மரபினரிலிருந்து வந்தவர்கள் அதில் உட்கார வேண்டும். விண்ணப்பத்தை மறுத்தால் கைதிக்குப் புரியும் மொழியில் காரணம் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளோடு உயர்நீதிமன்றம் போக, அரசுச் செலவில் ஒரு வக்கீலும் தர வேண்டும்.