சத்தம் எத்தனை ஹெச்.பி.?

எந்த காலேஜ் டூவீலர் ஸ்டாண்டுல வேணும்னாலும் போய் அஞ்சு நிமிஷம் நில்லுங்க. இந்த டயலாக் கண்டிப்பா காதுல விழும். ''ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸர் போட்டேன் மச்சி... சும்மா மூணு ஹெச்.பி. ஏறிடுச்சு!'' சைலன்ஸர் என்ன விலைன்னு கேட்டா டக்குனு சொல்வான். கடை எந்தச் சந்துல இருக்குன்னு வழியும் சொல்வான். அந்த மூணு ஹெச்.பி.யை எதை வெச்சு அளந்தேன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. ''ஓட்டிப் பாரு, உனக்கே தெரியும்''னு சாவியை நீட்டுவான்.

ஓட்டினா நமக்கும் தெரியும்தான். ஆனா அதுல பாதி, காது சொல்ற கதை. சின்னக் கணக்கு ஒண்ணு பார்க்கலாம். ஒரு மீட்டர் தூரத்துல 109 டெசிபல்னா காதைப் பொத்திக்கிற சத்தம். அந்தச் சத்தம் எல்லாத் திசையிலும் பரவுதுன்னு வெச்சுக் கூட்டினா, மொத்தம் எவ்வளவு பவர் தெரியுமா? 1 வாட்! ஒரு ஹெச்.பி.ங்கிறது 746 வாட். தெருவையே எழுப்பி விட நைட் லாம்ப் அளவு பவர்கூட வேண்டாம் பாஸ். சத்தத்தை வெச்சு இன்ஜினை எடை போடறது, தவில் சத்தத்தை வெச்சு கல்யாணச் சாப்பாட்டுக்கு மார்க் போடற மாதிரி.

அப்போ சைலன்ஸர் மாத்தினா பவர் ஏறவே ஏறாதா? ஏறும். அதுக்கு நம்ம ஊர் சாட்சி, யமஹா ஆர்.எக்ஸ்.100. 1985-ல வந்து 1996-ல நின்னுபோன வண்டி. வெறும் 98 சி.சி., ஆனா 11 ஹெச்.பி. அப்பாவோட ஆர்.எக்ஸை வாங்கி வந்து ஓட்டறவங்க இன்னிக்கும் ஹாஸ்டலுக்கு ஒருத்தராவது இருக்காங்க. டூ-ஸ்ட்ரோக்குல சைலன்ஸர் வெறும் புகைக் குழாய் இல்லை, இன்ஜின்ல ஒரு பார்ட் மாதிரி. விரிஞ்சு போற கூம்பு, சிலிண்டர்ல மிச்சமிருக்கிற புகையை இழுத்து விடும். கடைசியில குறுகுற கூம்பு, தப்பிச்சு வெளியே வர்ற புது பெட்ரோல் கலவையை அலையாலேயே திருப்பி உள்ளே தள்ளும். ஆனா அந்த அலை சரியான நேரத்துக்குத் திரும்பி வர்றது ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம். ரேஞ்சுல மட்டும்தான். அங்கே பவர் பிச்சுக்கும். அதுக்குக் கீழே பழைய சைலன்ஸரைவிட வண்டி மந்தமாகவும் இருக்கலாம். கீழே மந்தமா இருந்து மேலே திடீர்னு தூக்குறப்போ 'ஆஹா'ன்னு இருக்கும். மொத்தத்துல வண்டி வேகமாச்சா இல்லையாங்கிறது வேற கேள்வி.

சரி, அளக்கலாம். முதல் வருஷ ஃபிஸிக்ஸ் போதும். வண்டியும் நீங்களும் சேர்த்து 200 கிலோன்னு வெச்சுக்கோங்க. நாலாவது கியர்ல 40 கி.மீ. வேகத்துலேர்ந்து 80-க்கு முழு ஆக்ஸிலரேட்டர். கைனெட்டிக் எனர்ஜி எவ்வளவு கூடுதுன்னு போட்டா, சுமார் 37,000 ஜூல். அதுக்கு 8 செகண்ட் ஆச்சுன்னா, வேகத்தைக் கூட்ட மட்டும் செலவான சராசரி பவர் 6.2 ஹெச்.பி. (காத்தைக் கிழிக்கிற செலவு தனி. அது ரெண்டு தடவையும் ஒண்ணுதான், விட்டுடலாம்.) இப்போ நம்ம ஹீரோ சொல்ற மூணு ஹெச்.பி. அந்த ரேஞ்ச் முழுக்க ஏறியிருந்தா, அதே 40-லேர்ந்து 80-க்கு ஏறக்குறைய 5.4 செகண்ட்தான் ஆகணும். எட்டு செகண்ட் வேலை அஞ்சரை செகண்ட்ல முடிஞ்சா, டீக்கடையில உட்கார்ந்திருக்கிறவருக்கே தெரியும்!

நிஜத்துல 8 செகண்ட், 7.8 ஆகும். 0.2 செகண்ட் லாபம். ஸ்டாப் வாட்ச்சை அமுக்குற கட்டை விரல் தப்பே அவ்வளவு வரும். இன்னொரு கூத்து: டேங்க்ல 10 லிட்டர் பெட்ரோல் கூட இருந்தா ஏழரை கிலோ வெயிட் கூடும், அதுக்கே 0.3 செகண்ட் போயிடும். அதாவது ஃபுல் டேங்க்ல பழைய சைலன்ஸரையும், ரிசர்வ்ல புது சைலன்ஸரையும் டெஸ்ட் பண்ணா, 'பவர் ஏறிடுச்சு'ன்னு ரிசல்ட் வந்தே தீரும். சைலன்ஸரைத் தொடாமலேயே வரும்.

அதனால விரலை நம்பாம மொபைலை நம்புங்க. ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்து ஃபிரேம் எண்ணினா, செகண்டுக்கு 30 ஃபிரேம்னாலும் 0.03 செகண்ட் வரைக்கும் பிடிச்சுடலாம். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்தான், ஆனா ரெண்டு தடவையும் ஒரே மாதிரி கூட்டிக் காட்டும். அதே பெட்ரோல் அளவு, அதே ஆள், அதே டயர் பிரஷர். காத்தைச் சமாளிக்கப் போற திசையில மூணு தடவை, வர்ற திசையில மூணு தடவை. முக்கியமா பழசு, புதுசு, மறுபடி பழசுன்னு மாட்டிப் பாருங்க. மறுபடி மாட்டின பழசு, முதல்ல வந்த அதே டைமைத் தரலைன்னா மாறினது வெயிலோ இன்ஜின் சூடோ. சைலன்ஸருக்குக் கிரெடிட் கிடையாது. 25 டிகிரி காலைக்கும் 38 டிகிரி மத்தியானத்துக்கும் காத்தோட அடர்த்தியே 4 சதவீதம் வித்தியாசம். 2,240 மீட்டர் உயர ஊட்டியில, சென்னையைவிட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறைவு. தயவுசெஞ்சு இதையெல்லாம் ஓ.எம்.ஆர்.ல பண்ணாதீங்க. இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக் நாள் கிடைச்சா அங்கே.

காசு இருந்தா டைனோவுல ஏத்தலாம். பின் வீல் கனமான உருளையைச் சுத்தும், அது வேகமெடுக்கிறதை வெச்சு கம்ப்யூட்டர் பவர் கணக்குப் போடும். அங்கேயும் உஷார். கம்பெனி சொல்றது கிராங்க்ல எடுத்த பவர், டைனோ சொல்றது செயின், கியர் எல்லாம் தின்னது போக வீல்ல மிஞ்சினது. ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட்டா பவர் குறைஞ்ச மாதிரிதான் தெரியும். சில ஷீட்ல பி.எஸ்., சில ஷீட்ல ஹெச்.பி.ன்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணில்லை, 1.4 சதவீதம் இடிக்கும். உச்சி நம்பரை மட்டும் பார்த்துட்டு வராம முழு கர்வையும் வாங்கிட்டு வாங்க. தினமும் நாம ஓட்டற 4,000, 5,000 ஆர்.பி.எம்.ல கோடு கீழே இறங்கியிருந்தா, 9,000-ல ஏறின அரை ஹெச்.பி. யாருக்கு?

அளக்காம விட்டா காசு மட்டும் போறதில்லை. எங்க விங்ல ஒருத்தன், செமஸ்டர் ஃபீஸுக்கு வீட்ல கொடுத்த காசுல டூ-ஸ்ட்ரோக்குக்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் போட்டான். மெயின் ஜெட்டை மாத்தலை. காத்து கூடி பெட்ரோல் கூடலைன்னா கலவை மெலிஞ்சு சூடு ஏறும். பிளக்கைக் கழட்டிப் பார்த்திருந்தா வெள்ளையா இருந்திருக்கும். நடு ஹைவேல, எண்பதுல போறப்போ பிஸ்டன் சீஸ். பின் வீல் லாக். பின்னாடி லாரி வரலை, அவ்வளவுதான். ரீபோருக்கு ஆன செலவுல இன்னொரு செமஸ்டர் புக்ஸ் வாங்கியிருக்கலாம். 2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ்.-6 வண்டிகள்ல ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துக்கும்னு சிலர் சொல்றாங்க. அது அட்ஜஸ்ட் பண்றது நிதானமா ஓட்டறப்போதான். முழுசா முறுக்கினா இன்ஜின் ஏற்கெனவே எழுதி வெச்ச மேப்படிதான் ஓடும். புது சைலன்ஸர் வந்தது அந்த மேப்புக்குத் தெரியாது.

ஒரு விஷயம், கழட்டின ஒரிஜினல் சைலன்ஸரை பழைய இரும்புக் கடையில போட்டுடாதீங்க. டெஸ்ட்டுக்கும் அது வேணும், போலீஸ்கிட்ட மாட்டினாலும் அது வேணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ல சத்த விதியை மீறினா முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம், இல்லைன்னா மூணு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும். லைசென்ஸும் மூணு மாசம் கட்!