பிரிஸ்டல் துறைமுக வரலாறும் விடுபட்ட சரக்கும்

பிரிஸ்டல் கடற்கரை நகரன்று. ஏவான் ஆற்றின் வழியே உள்ளே செல்லவேண்டிய துறைமுகம். அவ்வாற்று முகத்தில் கடலேற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையிலான வேறுபாடு 12 மீட்டரைத் தொடுவதுண்டு. நீர் வடிந்ததும் கப்பல்கள் சேற்றில் அமர்ந்துவிடும். வில்லியம் ஜெசப்பின் திட்டப்படி 1804 முதல் 1809 வரை நடைபெற்ற பணியில் ஓதநீருக்குப் புதிய கால்வாய் வெட்டப்பட்டது. பழைய ஆற்றுப்பகுதி மதகுகளால் அடைக்கப்பட்டுக் கப்பல்கள் எப்போதும் மிதக்கும் நீர்நிலையாயிற்று.

துறைமுக வரலாறு எழுதுவோர் பலர் இப்பொறியியல் திறத்திலேயே நின்றுவிடுகின்றனர். 1497இல் காபட்டின் பயணம், 1843இல் புருனெலின் 'கிரேட் பிரிட்டன்' கப்பல் எனப் பெருமிதங்கள் கோக்கப்படுகின்றன. இடைப்பட்ட நூற்றாண்டு 'கடல்வணிக வளர்ச்சி' என்னும் ஒரே தொடரில் கடந்துபோகிறது. அத்தொடர் மறைப்பது சிறிதன்று. 1698இல் ஆப்பிரிக்க வணிகத்தின் தனியுரிமை தளர்ந்தது முதல் 1807இல் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டது வரை, இந்நகரிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட பயணங்கள் புறப்பட்டன. 5 இலட்சம் அளவிலான ஆப்பிரிக்கர் கடத்தப்பட்டனர்.

இம்மறதிக்குத் துறைமுகத்தின் அமைப்பும் துணைபுரிந்தது. இங்கிருந்து பித்தளைப் பொருள்களும் துப்பாக்கிகளும் ஏற்றப்பட்டன. சர்க்கரையும் புகையிலையும் வந்திறங்கின. மனிதர்கள் விற்கப்பட்டதோ அட்லாண்டிக்கின் மறுகரையில். அவர்களுள் மிகச் சிலரே இந்தத் துறையில் கால்வைத்தனர். நெவிஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட பீரோ அத்தகையவர். 1999இல் திறக்கப்பட்ட பாலமொன்று அவர் பெயரைத் தாங்குகிறது. துறையில் இறங்கிய சரக்கை மட்டும் எண்ணும் வரலாறு, இறங்காத சரக்கைக் காணாது.

ஆப்பிரிக்க நிறுவனத்தில் பொறுப்பு வகித்த எட்வர்டு கோல்ஸ்டனுக்கு 1895இல் எழுப்பப்பட்ட சிலையின் பீடத்திலும் அடிமை வணிகம் பற்றி ஒரு சொல் இல்லை. விளக்கப் பலகை வைக்கும் முயற்சி வாசகத் தகராற்றிலேயே நின்றது. 2020 ஜூன் 7 அன்று மக்கள் அச்சிலையை வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினர். வரலாறு அழிக்கப்பட்டது என்று வருந்துவோர், அது பீடத்தில் நின்ற 125 ஆண்டுகளில் எதைக் கற்பித்தது என்பதற்கு விடை கூறுவதில்லை. வண்ணக்கறையுடன் அருங்காட்சியகத்தில் கிடத்தப்பட்ட நிலையில்தான் அது சான்றாகிறது.

ஆயினும் ஒருவர் சிலைமீது பழி முழுவதையும் ஏற்றுவது எளிது. பயணங்களில் பங்குமுதல் இட்டோர், கப்பல் கட்டியோர், பித்தளை வார்த்தோர், சர்க்கரை ஆலையினர் என நகரின் பெரும்பகுதி இவ்வருவாயில் வாழ்ந்தது. ஆய்வு செல்லவேண்டியது அவர்களுடைய கணக்கேடுகளுக்கு.