கிருமிக்கு ஜாதகமா?

கிருமிகளின் மரபணுவைப் படிப்பதற்கென்று சென்னையில் சர்க்கார் 2021-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சுமார் 4 கோடி ரூபாய் செலவில் ஒரு பரிசோதனைச்சாலை ஏற்படுத்திற்று. அதற்கு முன் நமது கொரோனா மாதிரிகள் பெங்களூருக்குப் போய் வரவேண்டியிருந்தது. "சாக்கடைக்குப் பணமில்லாத ஊரில் கிருமிக்கு ஜாதகம் எழுத 4 கோடியா?" என்று திருநெல்வேலியில் ஒருவர் கேட்பாரானால், அதை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். கேட்பவர் வரி கொடுப்பவர்.

ஆனால் அவர் 2012-ம் வருஷத்தைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். அவ்வருஷம் தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு ஜுரம் கண்டது. திருநெல்வேலி ஜில்லாவும், அன்று அதிலே சேர்ந்திருந்த கடையநல்லூரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. டெங்குக் கிருமியில் 4 வகை உண்டு. ஒரு வகை கண்டு பிழைத்தவருக்குப் பின்னால் வேறு வகை கண்டால் ஆபத்து அதிகம். ஆகவே வந்திருப்பது எந்த வகை என்பது உயிர் சம்பந்தமான கேள்வியாகும். ஆனாலும் உள்ளதைச் சொல்லிவிடுகின்றோம்: வகையை மட்டும் அறிய மரபணு முழுவதையும் படிக்கவேண்டியதில்லை, அதைவிட மலிவான பி.சி.ஆர். பரிசோதனையே போதும்.

பின் முழுவதும் படிப்பது எதற்கு? நோய் வந்த வழியை அறிவதற்கே. அச்சாபீசில் பிரதிக்குப் பிரதி பிழை விழுவதுபோல, ஆளுக்கு ஆள் தாவும் கிருமியிலும் எழுத்துப் பிழை விழுகின்றது. பிழைகளை ஒத்துப் பார்த்தால் எது எதிலிருந்து வந்தது என்பது வெளியாகும். ஹெய்ட்டி தேசத்தில் 2010 அக்டோபரில் ஆர்டிபோனிட் ஆற்றோரத்து ஜனங்களுக்குக் காலரா கண்டபோது, கடல் நீரிலிருந்து வந்ததென்று சொன்னவர்களும் உண்டு. மரபணுவைப் படித்ததில் அது நேபாளத்துக் கிருமியோடு ஒத்திருந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் நேபாளப் படை முகாமோ அந்த ஆற்றின் கிளையோரத்தில் இருந்தது. 2016-ல் சபையின் பொதுச் செயலாளர் மன்னிப்புக் கேட்கும்படியாயிற்று. தாமிரபரணியிலேயே குளித்து, அதையே குடிக்கும் நம்மவர்களுக்கு இது அயல்நாட்டுக் கதையல்ல. 2018-ம் வருஷத்துப் புஷ்கரத்தில் அந்த ஆற்றில் எவ்வளவு கூட்டம் முழுகிற்று! கிருமி புண்ணிய தீர்த்தம் பார்த்து ஒதுங்குவதில்லை.

செலவுக்கு வருவோம். ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் படிப்பது வீண். ஊர்வாரியாகச் சிலவற்றைப் பொறுக்கிப் படித்தால் போதும். ஆனால் யந்திரத்தை ஒரு தடவை ஓட்டுகிற செலவு, மாதிரி ஒன்றானாலும் பலவானாலும் பெரிதும் மாறுவதில்லை. ஆகையால் மாதிரி சேரட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். சிக்கனம் அங்கேதான் நஷ்டமாகின்றது. ஜுரம் விட்டபின் வரும் விடைக்குக் கொடுக்கும் ஒரு காசும் தண்டமே.

திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். மாதிரி போகட்டும், விடை மட்டும் அந்த வாரத்திலேயே மாநகராட்சி சுகாதார அதிகாரியின் மேஜைக்கு வந்தாகவேண்டும். வந்ததும் அவர் எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பினார், எந்தக் குழாயை அடைத்தார் என்பதையும் சர்க்கார் பிரசுரிக்கட்டும்.