பழைய பெட்டிக்குள் பந்தயக் கார்

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு. ஊர் எதுவானாலும் கடை வாசலில் அடுக்கியிருக்கும் சரக்கு ஒன்றுதான். ஏதோ ஒரு வங்கியிலோ கால் சென்டரிலோ சில வருடம் உழைத்துவிட்டு ஓய்வுபெற்ற அலுவலகக் கம்ப்யூட்டர்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று பெயர்கள் மாறும். கறுப்பு நிறமும், பக்கவாட்டில் பாதி கிழிந்த சொத்து எண் ஸ்டிக்கரும் மாறாது.

வாங்க வருபவர் பெரும்பாலும் அப்பா. பக்கத்தில் நிற்பவன் கல்லூரியில் படிக்கும் மகன். அப்பாவின் மனதில் இருப்பது புராஜெக்ட் ரிப்போர்ட், ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு. மகனின் மனதில் இருப்பது மோன்சா.

இத்தாலியின் அந்தப் பந்தயத் தடத்தை லேசர் கருவியால் அளந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது குனோஸ் சிமுலாசியோனி என்ற இத்தாலிய நிறுவனம். வல்லேலுங்கா பந்தயத் தடத்தின் வளாகத்திலேயே அலுவலகம் வைத்திருந்த நிறுவனம் அது. 2014 டிசம்பரில் அது முழுமையாக வெளியிட்ட 'அசெட்டோ கோர்சா' கார்ப் பந்தய சிமுலேட்டர் இன்றும் உலகெங்கும் ஓட்டப்படுகிறது. இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை. முறையான பந்தயத் தடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற நாட்டில், இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவைக்கோ கிரேட்டர் நொய்டாவுக்கோ பக்கத்தில் பிறக்காதவனுக்கு ஸ்டீயரிங்கைத் தொட வேறு வழி இல்லை. வீடியோ கேம் போட்டி ஒன்றில் 2011ல் ஜெயித்த பிரிட்டிஷ் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது இந்தப் பையன்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

சிக்கல் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலையே தெரிந்துவிடுகிறது. எக்செல் பறக்கிறது. மோன்சா மட்டும் ஸ்லைடு ஷோ மாதிரி நகர்கிறது. 'கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும்' என்று நண்பர்கள் சொல்வார்கள். சொன்னது சரிதான். எந்தக் கார்டு என்பதில்தான் அப்பாவின் பணம் போகிறது.

கார்டு எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் சுமார் 69 மீட்டர் கடக்கிறது. திரையில் விநாடிக்கு 60 படங்கள் வந்தால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கார் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். 25 படங்கள்தான் வருகின்றன என்றால் அது 2.8 மீட்டர். நடுவில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திரை உறைந்தால் ஏழு மீட்டர் போய்விட்டது. பிரேக் பிடிக்க வேண்டிய இடம் பின்னால் நிற்கிறது, கார் ஜல்லியில் நிற்கிறது. துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் இந்த உறைதலை எப்படியோ சமாளித்துவிடலாம். பந்தய சிமுலேட்டரில் முடியாது. காரின் இயக்கத்தை அசெட்டோ கோர்சா விநாடிக்கு 333 முறை கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு அது ஒழுங்காக வந்து சேராவிட்டால் அத்தனை கணக்கும் வீண். ஆக, இங்கே தேவை அழகான படம் அல்ல, தடங்கல் இல்லாத படம். மரத்தின் இலை எப்படி அசைகிறது என்று பார்ப்பதற்கு ஓட்டுபவனுக்கு நேரமும் இல்லை.

அலுவலகக் கம்ப்யூட்டரால் இது ஏன் முடியவில்லை? உதாரணத்துக்கு ஆப்டிபிளெக்ஸ் 9020ஐ எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது இன்டெல்லின் நான்காம் தலைமுறை கோர் ஐ5. நான்கு கோர்கள், இந்த வேலைக்கு இன்றும் மோசமில்லை. படம் வரைவது அதே சில்லுக்குள் ஒட்டுக் குடித்தனம் இருக்கும் எச்.டி. 4600. அதற்குச் சொந்த மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் மெமரியில் இரவல் வாங்குகிறது. மெமரிக் குச்சி ஒன்றே ஒன்று இருந்தால் விநாடிக்கு 12.8 ஜிகாபைட்தான் போக முடியும். இரண்டு குச்சிகள் என்றால் அதன் இரு மடங்கு. 2016ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்ற சாதாரண கார்டில் இதே அளவு 112 ஜிகாபைட். கிணற்றில் வாளி போட்டு இறைப்பதற்கும் பம்ப் செட்டுக்கும் உள்ள வித்தியாசம். கார்டே வாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் இரண்டாவது மெமரிக் குச்சி ஒன்றையாவது போட்டுப் பார்ப்பது நல்லது. செலவு சொற்பம். மோன்சாவில் தனியாக ஓட்டும் அளவுக்காவது நிலைமை தேறும்.

இனி கார்டுக்கு வரலாம். கடையில் விற்பவர் காட்டுவது கார்டின் திறமையை. வாங்குபவர் பார்க்க வேண்டியது பெட்டியின் திறமையை. 9020ன் சிறிய பெட்டியில் உள்ள பவர் சப்ளை 255 வாட். டவர் பெட்டியில் 290. இரண்டிலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று தனி மின் ஒயர் கிடையாது. கார்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் அது செருகப்படும் ஸ்லாட் வழியாகவே வந்தாக வேண்டும். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். ஒல்லியான பெட்டிகள் சிலவற்றில் தயாரித்த நிறுவனமே அதையும் குறைத்து வரம்பு வைத்திருக்கிறது. 'பவர் சப்ளையை மாற்றிவிட்டால் போச்சு' என்பவர்கள் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். இந்த டெல் மாடலின் மதர்போர்டில் வழக்கமான 24 ஊசி இணைப்பு இல்லை, 8 ஊசிதான். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை மாற்று ஒயர் இல்லாமல் இதில் பொருந்தாது.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு, அதைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் உலகெங்கும் மலிவு விலைக்கு வந்தன. ஆர்.எக்ஸ். 570, 580 எல்லாம் அந்தக் கூட்டம். கார்டுகள் கெட்டிக்காரக் கார்டுகள்தான். ஆனால் 570 தின்பது 150 வாட், 580 தின்பது 185 வாட். இதற்குக் கடைக்காரர் ஒரு சின்ன ஒயரை எடுத்து நீட்டுவார். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரைக் கார்டுக்கு இழுத்துக் கொடுக்கும் சமாசாரம் அது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் ஊசிகள் தாங்குவது 54 வாட். மறுமுனையில் கார்டு 75 வாட் வரை உறிஞ்சலாம். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் உருகுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிற பரிசோதனை அல்ல இது.

75 வாட்டுக்குள் அடங்குபவற்றில் தைரியமாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று ஏற்கெனவே சொன்ன 1050 டி.ஐ. இன்னொன்று 2019ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650. இரண்டுக்கும் 4 ஜிகாபைட் சொந்த மெமரி. தனி ஒயர் கேட்காத வகைகள் இரண்டிலும் உண்டு. வேகம் கூட்டப்பட்ட சில தயாரிப்புகள் ஒயர் கேட்கும், பார்த்து வாங்க வேண்டும். ஒல்லிப் பெட்டி என்றால் அரை உயரக் கார்டாக இருக்க வேண்டும், தடிமனுக்கு இடமிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்கவும் வேண்டும். அசெட்டோ கோர்சாவை 1080 தெளிவில், நடுத்தர அமைப்புகளில் சீராக ஓட்ட 1050 டி.ஐ.யே போதும்.

புதிதாக, மலிவாக இருக்கிறதே என்று வாங்கக் கூடாதவை வேறு இருக்கின்றன. ஜி.டி. 1030 என்ற கார்டு 2017ல் ஜி.டி.டி.ஆர்.5 மெமரியுடன் வந்தது. அடுத்த வருடமே அதே பெயரில் டி.டி.ஆர்.4 மெமரியுடன் இன்னொன்று வந்தது. மெமரியின் வேகம் 48 ஜிகாபைட்டிலிருந்து 16.8 ஆகச் சரிந்திருந்தது. பெயர் மட்டும் சரியவில்லை. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6400 வேறு வகை. 53 வாட்தான், ஒல்லிப் பெட்டிக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் அது மதர்போர்டுடன் பேசுவது நான்கே நான்கு பாதைகளில். நான்காம் தலைமுறை ஸ்லாட் உள்ள புதிய மதர்போர்டில் அது போதுமானது. பத்து வருடப் பழைய மதர்போர்டில் அதே நான்கு பாதையின் வேகம் பாதியாகிவிடுகிறது. கார்டின் சொந்த மெமரி நிரம்பியதும் படம் திக்குகிறது. இன்டெல்லின் ஆர்க் ஏ380க்கும் பழைய பெட்டிக்கும் ஒத்துவராது. ரீசைஸபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அது தன் வேகத்தில் ஓடாது என்பது இன்டெல்லே சொல்லியிருக்கும் விஷயம். புதிய கார்டுகள் புதிய பெட்டிகளை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. பழைய பெட்டிக்குப் பழைய கார்டே உறவு.

பழைய கார்டு என்றால் போலியும் உண்டு. 2010, 2011ல் வந்த ஜி.டி.எஸ். 450, ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. சில்லுகளின் உள்நிரலைத் திருத்தி, 1050 டி.ஐ. என்று கம்ப்யூட்டரே நம்பும்படி விற்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டுக் கையோடு எடுத்துப் போனால், பெரும்பாலான போலிகளைப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று அது எழுதிக் காட்டிவிடும். கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னால் முகம் சுளிக்கும் வியாபாரியிடம் வாங்காமல் இருப்பது உத்தமம். இன்னொரு எளிய அடையாளம், பின்புறத்தில் நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு. அசல் 1050 டி.ஐ.யில் அது கிடையாது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: வீட்டிலிருப்பது வி.ஜி.ஏ. மட்டுமே உள்ள பழைய மானிட்டர் என்றால், கார்டு அசல் என்ற சந்தோஷத்தோடு ஒரு கன்வெர்ட்டரும் வாங்க வேண்டிவரும்.

இந்தத் தலைவலி இன்று நேற்று வந்ததல்ல. 1998ல் பேப்பிரஸ் நிறுவனத்தின் 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' வந்தபோது, அன்றைய சாதாரண கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கின. 1967ஆம் ஆண்டின் பந்தயங்களை அச்சு அசலாகக் கொண்டுவந்த ஆட்டம் அது. அதைச் சீராக ஓட்ட விரும்பியவர்கள் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டைத் தேடினார்கள். வூடூ முப்பரிமாணப் படம் மட்டும்தான் வரையும். மற்ற வேலைக்கு இன்னொரு கார்டு, இரண்டையும் இணைக்க வெளியே ஒரு ஒயர். 2000 முடிவில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்றுவிட்டு ஒதுங்கியது.

கார்டைப் பொருத்திய பிறகும் படம் நகரவில்லை என்றால், முதலில் மானிட்டர் ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழக்கதோஷத்தில் அதைப் பழைய இடத்திலேயே, மதர்போர்டிலேயே செருகிவிட்டுக் கார்டைத் திட்டுபவர்கள் நிறைய. அடுத்து வருவது திரையின் ஓரத்தில் தோன்றும் ஓர் எச்சரிக்கை: சி.பி.யு. 99 சதவீதத்துக்கு மேல் உழைக்கிறது என்று அசெட்டோ கோர்சா சொல்லும். இதற்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சம்பந்தமில்லை. எதிரே ஓடும் ஒவ்வொரு காரையும் ஓட்டுவது அந்தப் பழைய ஐ5தான். 20 கார்களை 10 ஆகக் குறைத்தால் மூச்சு விடும். கார்டின் சுமையைக் குறைக்கப் பின்பக்கக் கண்ணாடியின் தெளிவு, நிழல், கார் உடம்பில் விழும் பிரதிபலிப்பு ஆகிய மூன்றில் கை வைக்கலாம். இழப்பது அழகு, கிடைப்பது சீர்மை. இரவைக் கொண்டுவரும் இலவச இணைப்பான கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் ஆசை காட்டும். அதில் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் 1050 டி.ஐ. கைவிரித்துவிடும். இதே குனோஸ் 2019ல் வெளியிட்ட 'கொம்பெத்சியோனே' வேறொரு என்ஜினில் ஓடும் கனமான ஆட்டம். இந்தப் பெட்டியில் அதற்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

அப்பா கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு மேல். நான்காம் தலைமுறை ஐ5 வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. 1050 டி.ஐ. சேர்ந்த பாஸ்கல் குடும்பத்துக்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர்களை வெளியிடுவதை 2025 அக்டோபரோடு நிறுத்தி, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவது என்பது என்விடியா அறிவித்த திட்டம். 2014ன் ஆட்டத்துக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மோன்சா பாட்டுக்கு ஓடும். ஆனால் அதே கம்ப்யூட்டரில் காலையில் அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். கையில் இருப்பது நான்காம் தலைமுறையா எட்டாம் தலைமுறையா என்பதைப் பெட்டி வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். எட்டுக்குச் சற்றே கூடுதலாகக் கேட்பார்கள். கொடுக்கலாம். ஏற்கெனவே நான்கை வாங்கிவிட்ட வீட்டில், கார்டுப் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்றில் பையனின் விண்டோஸும் மோன்சாவும். மற்றதில் இலவசமாகக் கிடைக்கும், இன்னும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் உபுண்டு போன்ற ஒன்று, அப்பாவின் பாஸ்வேர்டோடு. அப்பா வங்கி வேலை பார்க்கும்போது பையனின் எஸ்.எஸ்.டி. ஒயரைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.